நாயும் பாட்டிலும் ஒரே பலகையில்

புதிதாக ஒரு பூங்கா கட்டினால் தமிழ்நாட்டில் முதலில் முளைப்பது மரம் இல்லை, பலகை. நீலப் பெயிண்ட் அடித்து வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பார்கள். பூக்களைப் பறிக்காதீர்கள். புல்தரையில் நடக்காதீர்கள். செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. மது அருந்தக் கூடாது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, நடவடிக்கை எடுக்கப் போகிறவர் யார் என்பது மட்டும் இருக்காது. ஆனால் அடியில் உபயதாரர் பெயர் தவறாமல் இருக்கும்!

இந்தப் பலகையைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நாயும் வேண்டாம், குடியும் வேண்டாம், நல்லதுதானே? பிரச்னையே அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது. நாய் கூட்டி வருவதும் பாட்டில் திறப்பதும் ஒரே சைஸ் எழுத்தில் அடுத்தடுத்த வரியில் வருகின்றன என்றால், எழுதியவர் இரண்டைப் பற்றியும் ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்று அர்த்தம். யோசிக்காமல் போட்ட தடைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ, அதுதான் கிடைக்கிறது. நாய்க்குப் படிக்கத் தெரியாது. குடித்தவருக்குப் படித்தது நினைவில் இருக்காது. பயந்து வீட்டிலேயே நின்றுவிடுகிறவர் ஒருவர்தான், சாயங்காலம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் காற்று வாங்க வரலாமா என்று நினைத்த பெண்.

சென்னையை விடுங்கள். சிவகங்கை மாவட்டம் திருக்கோஷ்டியூர் மாதிரி ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். வைணவ திவ்ய தேசங்களில் ஒன்று. ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, நம்பியிடம் ரகசிய மந்திரத்தைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோயில் மேலே ஏறி ஊருக்கே சொன்னார் என்று மரபு சொல்லும் ஊர். எல்லோருக்கும் பொது என்ற வார்த்தைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறு எந்த ஊருக்கும் கிடையாது. மாசி மகத் தெப்பத்துக்குக் குளக்கரையில் விளக்கேற்ற ஜனம் திரண்டு வரும்.

சரி, திருவிழா முடிந்த மறுநாள் சாயங்காலம்? ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, காசு செலவழிக்காமல், யாரிடமும் கேட்காமல், ஒரு கல்லூரி மாணவி போய் அரை மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் படிக்க அந்த ஊரிலோ, அதைச் சுற்றியுள்ள எந்த ஊரிலோ இடம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மந்தை இருக்கிறது, ஆம்பிளைகள் சீட்டாடுவார்கள். கண்மாய்க் கரை இருக்கிறது, இருட்டினால் அங்கே யார் இருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தேரடி இருக்கிறது. ஆனால் தேர், தேரடி எல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொதுவா என்ற கேள்விக்கு இதே மாவட்டத்துக் கண்டதேவி பதில் சொல்லும். தேர்வடத்தை யார் தொடலாம் என்ற தகராறு 1998ல் வெடித்து, பல வருஷம் தேரே ஓடாமல் கிடந்து, 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது.

ஆக, கிராமத்துப் பூங்கா என்பது சும்மா நாலு குரோட்டன்ஸ் செடியும் ஒரு சறுக்குமரமும் இல்லை. எந்தத் தெரு, எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று கேட்காமல் உட்காரவிடும் இடம் என்று பார்த்தால், பல ஊர்களுக்கு அதுதான் முதல் இடம். பழைய பொது இடங்களுக்கெல்லாம் ஒரு பரம்பரை உரிமைக்காரர் இருக்கிறார். பூங்காவுக்கு இல்லை. அதனால்தான் அதைக் கெடுப்பதும் ரொம்பச் சுலபம். யாருடையதும் இல்லாத இடத்தை முதலில் பிடிப்பது எப்போதுமே பலசாலிதான்.

இதற்கு ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. 2016ல் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக்கூடம் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். 500 ஊராட்சிகளில் பூங்காவுக்குத் தலா 20 லட்சம், ஜிம்முக்குத் தலா 10 லட்சம். யோசனையில் ஒரு குறையும் இல்லை, நல்ல யோசனை. கட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அப்புறம்? சில ஊர்களில் நன்றாகவே நடந்தது. பல ஊர்களில் கேட்டுக்குப் பூட்டு, உள்ளே புதர், புதருக்குள் பாட்டில். கட்டுவதற்கு 20 லட்சம் கொடுத்த அரசு, ஒரு காவலாளிக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை ஊராட்சித் தலைவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டது. அதற்குள் ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயரே வேண்டாத பெயர் ஆனது. பலகை மட்டும் இன்னும் நிற்கிறது, மது அருந்தக் கூடாது என்று!

இப்போது பாட்டிலுக்கு வருவோம்.

பூங்காவில் குடிக்கக் கூடாது என்பதில் இரண்டு கருத்து தேவையில்லை. லண்டனில் புல்லில் படுத்து பீர் குடிக்கிறார்கள், பெர்லினில் கேட்பாரே இல்லை, இங்கே மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பெட்டித்தனம் என்று கேட்கிற கூட்டம் ஒன்று உண்டு. பெங்களூரில் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் இந்தக் கேள்வி தானாக வாயில் வரும் போல. அவர்கள் மறப்பது என்னவென்றால், அங்கே பக்கத்துப் பாயில் ஒரு பெண்ணும் உட்கார்ந்து அதே பீரைக் குடித்துக்கொண்டிருப்பார். இங்கே ஒரு குவார்ட்டர் திறக்கப்பட்ட பூங்காவில் பத்தே நிமிஷத்தில் பெண்களும் குழந்தைகளும் எழுந்து போய்விடுவார்கள். நாலு பேர் சுதந்திரமாகக் குடிக்க நாற்பது பேர் வெளியேறுவது சுதந்திரம் இல்லை, ஆக்கிரமிப்பு. புறம்போக்கில் குடிசை போட்டால் புல்டோசர் வருகிறது. இந்த ஆக்கிரமிப்புக்கு என்ன வருகிறது?

ஆனால் தடையை எழுதி வைக்கிற கை யாருடையது என்றும் பார்க்க வேண்டும். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறையில் மது விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக் மட்டுமே. 2024-25ல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். கடைகள் சுமார் 4,800. எந்த அரசு விற்கிறதோ, அதே அரசுதான் பலகையும் நடுகிறது. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எங்கே வைத்துக் குடிக்கச் சொல்கிறாய்? பார் உள்ள கடையில் உட்கார இடம் உண்டு. பார் இல்லாத கடையில் வாங்கியவர் எங்கே போவார்? வீட்டுக்குக் கொண்டுபோனால் சண்டை. ரோட்டில் நின்றால் போலீஸ். மிச்சம் இருப்பது கண்மாய்க் கரை, வயல் வரப்பு, பள்ளிக்கூடச் சுவர், பூங்கா. குடிகாரர் பூங்காவுக்குத் தானாக வரவில்லை. அரசின் விற்பனை முறையே அவரை அங்கே அனுப்பி வைக்கிறது.

அடுத்து தூரம். மதுக்கடை எங்கே இருக்கலாம் என்பதற்கு 2003ல் போட்ட விதிகள் இருக்கின்றன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். கவனித்தீர்களா? கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. பூங்கா இல்லை. பூங்கா வாசலுக்கு நேர் எதிரே கடை திறந்தாலும் அந்தத் தூர விதி மீறப்பட்டதாக ஆகாது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டர் தள்ளிப்போ என்றதும், 2017ல் அந்தக் கடைகள் எங்கே தள்ளிப் போயின? ஊருக்குள். பெண்கள் கடை முன்னால் உட்கார்ந்து மறியல் செய்த படங்கள் அந்த வருஷம் பூரா பத்திரிகையில் வந்தன. காரில் போகிறவரின் உயிரைக் காப்பாற்றிய தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் நடந்து போகிறவர், விளையாடுகிற பிள்ளை, இவர்களை எந்த மீட்டர் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை.

அதே அரசு 2023 மார்ச்சில் என்ன செய்தது தெரியுமா? கல்யாண மண்டபம், மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம் இங்கெல்லாம் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்று விதியைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் கல்யாண மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். பணம் கட்டினால் கிரிக்கெட் மைதானத்தில் குடிக்கலாம், கட்டாமல் பூங்காவில் குடிக்கக் கூடாது. ஒழுக்கம்தான் காரணம் என்றால் இரண்டுக்கும் ஒரே பதில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாதபோது, பூங்காப் பலகையில் இருப்பது ஒழுக்கம் இல்லை, கை கழுவுதல்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. வீடு என்று சொல்ல ஒரு அறைகூட இல்லாத தொழிலாளி, நாள் பூரா மூட்டை தூக்கிவிட்டு எங்கேதான் போவார்? அவரைத் துரத்துவதற்குப் பெயர் பொது நலமா? இந்தக் கேள்வியைச் சிங்கப்பூர் நேரடியாகச் சந்தித்தது. 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார், அதைத் தொடர்ந்து கலவரம். 2015ல் புதுச் சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் எங்கேயும் குடிக்கக் கூடாது, பூங்கா உட்பட. லிட்டில் இந்தியா, கேலாங் பகுதிகளுக்கு மட்டும் வார இறுதி முழுக்கத் தடை. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர் இல்லாத ஊர் அபூர்வம், அதனால் இது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை. அந்தச் சட்டத்தில் சரியும் இருக்கிறது, தப்பும் இருக்கிறது. எந்த நேரம், எந்த இடம் என்று தெளிவாகச் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் கூடுகிற தமிழ், வங்காளத் தொழிலாளிகளின் இடத்துக்குத் தனியாக ஒரு கடுமை வைத்தது, அங்கேயே பலர் சுட்டிக்காட்டிய மாதிரி, உறுத்துகிற விஷயம். கிளப்பில் குடிக்க வசதி உள்ளவருக்குச் சட்டம் தட்டுப்படவே இல்லை.

அதனால் பூங்கா விதி மனிதரைத் தடுக்கக் கூடாது, பாட்டிலைத்தான் தடுக்க வேண்டும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ல் வந்தது. பொது இடத்தில் போதையில் காணப்பட்டாலே தண்டனை என்று அதில் 4ஏ என்ற பிரிவு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் அசந்து தூங்குகிற கூலிக்காரரின் வாயை ஊதச் சொல்வது வீரம் இல்லை. அவர் யாரையும் விரட்டவில்லை. உள்ளே பாட்டில் வரக் கூடாது, திறக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. அவ்வளவுதான் தேவை. அதுவும் கடையிலிருந்தே தொடங்க வேண்டும். நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலில் கண்ணாடி குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் கேட்ட பிறகு, 2022 மே மாதம் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் வந்தது. பாட்டில்கள் நிஜமாகவே திரும்பி வந்தன. அப்புறம் வேறு சில மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். யானைக் காலுக்குக் கிடைத்த கவனம் முதலில் சறுக்குமரத்துக்குக் கீழே வெறுங்காலோடு ஓடுகிற குழந்தையின் காலுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா? (யானை மேல் கோபம் இல்லை.)

நாய் விஷயம் வேறு.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை இரவு, சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. அவிழ்த்து விடப்பட்ட இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் காயப்பட்டார். குழந்தைக்குத் தலையில் பலத்த காயம், அறுவை சிகிச்சை நடந்தது. நாயின் சொந்தக்காரர் கைதானார். இவ்வளவும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எல்லோரும் படித்துவிட்டு வேகமாகத் தாண்டிப் போன ஒரு தகவல் அதே செய்தியில் இருந்தது. அந்தக் குழந்தை அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். குடும்பமே பூங்காவுக்குள் ஒரு சின்ன அறையில்தான் குடியிருந்தது.

கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இது. பலகையில் எழுதியதை அமல்படுத்த வேண்டியவர் யார்? அந்தக் காவலாளி. அவர் யாரிடம் அமல்படுத்த வேண்டும்? பக்கத்துப் பங்களாவிலிருந்து வெளிநாட்டு நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம். ஐயா, நாயைக் கட்டுங்க என்று ஒரு நாள் சொன்னால், மறுநாள் கவுன்சிலருக்கு போன் போகும் என்று எந்தக் காவலாளிக்கும் தெரியும். பூங்காவிலேயே குடியிருந்து, பூங்காவையே காத்த குடும்பத்தின் பிள்ளைக்குப் பூங்காவில் பாதுகாப்பு இல்லை. விதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் நாய் நல்லதா கெட்டதா என்று சண்டை போட்டார்கள். அமல்படுத்தச் சொல்லி நிற்க வைக்கப்பட்ட மனிதருக்கு என்ன அதிகாரம் கொடுத்தோம் என்று கேட்டவர்கள் குறைவு.

அடுத்து என்ன நடந்தது? வழக்கம் போல, தடை! அதற்கு இரண்டு மாதம் முன்னால் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்பது ஒரு காரணம். மே மாதம் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையும் அதே மாதிரி ஒரு உத்தரவு போட்டு, உடனே நிறுத்தியும் வைத்தது. இனத்தைத் தடை செய்வது சுலபம், அதற்கு ஒரு பேப்பர் போதும். உரிமம் இருக்கிறதா, தடுப்பூசி போட்டதா, கழுத்தில் கயிறு இருக்கிறதா என்று ஒவ்வொரு நாயாகப் பார்க்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும்.

பூங்காவில் நாயே கூடாது என்பதும் அதே சோம்பேறித்தனம்தான். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, பூங்காக்களிலிருந்து வளர்ப்பு நாய்களை மொத்தமாகத் தடுப்பது சரியான தீர்வு இல்லை, வேண்டுமானால் நேரம் ஒதுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. நாய் வளர்ப்பவர் எல்லோரும் பங்களாக்காரர் இல்லை. தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குக் காலையில் நடக்கக் காரணமே அந்த நாயாக இருக்கலாம். தெக்கத்திச் சீமையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள். 2005ல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்பே போட்டது. தபால்தலையில் ஏறின நாய் பூங்காவில் கால் வைக்கக் கூடாதாம் :-)

இன்னொரு பக்கம், எங்க நாய் ஒண்ணும் செய்யாதுங்க என்கிறவர்கள். இந்த வாக்கியம் கேட்காத பூங்கா உலகத்திலேயே இருக்காது. கடிக்கும் வரை எந்த நாயும் ஒன்றும் செய்யாததுதான். நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்பார்கள். ரொம்ப சந்தோஷம். பிள்ளை சறுக்குமரத்தடியில் அசிங்கம் செய்தால் அள்ளிக்கொண்டு போவார்கள் அல்லவா, அதையே நாய்க்கும் செய்யட்டும். நாய் மேல் உள்ள பிரியம் சொந்தக்காரருடையது. பயம் எதிரே வருகிற குழந்தையுடையது. பொது இடத்தில் முதலில் கணக்கில் வர வேண்டியது அந்தப் பயம்தான். தமிழ்நாட்டில் 2024ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகி, 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். வெறிநோய் வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது, பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பயப்படாதே என்று யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது.

கிராமத்தில் இந்த வாதம் முழுக்க வேறு மாதிரி ஆகிவிடும் என்பதும் உண்மை. திருக்கோஷ்டியூரில் நாயைக் கயிற்றில் கட்டி வாக்கிங் கூட்டிப் போகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அங்கே வாசல் நாய், தெரு நாய், கடை நாய் எல்லாம் ஒன்றுதான். கேட் திறந்திருந்தால் அதுவாக உள்ளே போய் நிழலில் படுக்கும். செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகைக்குக் கீழேயே படுத்திருக்கும். அங்கே வேலை பலகையில் இல்லை, கருத்தடையிலும் தடுப்பூசியிலும்தான் இருக்கிறது. 2023ல் திருத்தி வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அது உள்ளாட்சியின் பொறுப்பு. தெருநாய்க்குச் சோறு வைக்கிற இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. எத்தனை ஊராட்சி அலுவலகத்தில் அந்த விதியின் பிரதி இருக்கும் என்பது தனிக் கதை.

இங்கேயும் அதே ஓட்டை தெரிகிறது பாருங்கள். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு உத்தரவு போட்டது. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் என்று இடங்களைப் பட்டியலிட்டது. அந்த உத்தரவு சரியா தப்பா என்று பெரிய விவாதமே நடந்தது, அது இருக்கட்டும். அந்தப் பட்டியலிலும் பூங்கா இல்லை. மதுக்கடைத் தூரத்திலும் இல்லை, இதிலும் இல்லை. சட்டம் எழுதுகிறவர்களின் மனசில் குழந்தை என்றால் பள்ளிக்கூடத்தில் இருக்கிற குழந்தை மட்டும்தான். நாலு மணிக்கு மணி அடித்ததும் அது எங்கே போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. 2024 அக்டோபர் 7ல் சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தார்கள். ஆறு ஏக்கர், சுமார் 46 கோடி ரூபாய், 500 மீட்டர் ஜிப்லைன். பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், சின்னவருக்கு 50. அங்கே குவார்ட்டர் பாட்டில் பிரச்னை வராது. ஏன்? சென்னைக்காரர்கள் யோக்கியர்கள் என்பதாலா? வாசலில் ஆள் நிற்கிறார், உள்ளே ஆள் நிற்கிறார், கேமரா இருக்கிறது. 100 ரூபாய் கொடுக்க முடிந்தவருக்கு விதி அமலாகும் பூங்கா. கொடுக்க முடியாதவருக்கு விதி எழுதப்பட்ட பூங்கா. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 300 ரூபாய் என்றால், கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது முக்கால் நாள் சம்பளம். டிக்கெட்டும் ஒரு தடைதான். பலகையில் எழுதாத தடை.

விதி போடுவது எப்படி என்று இங்கிலாந்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. 2014ல் அங்கே வந்த ஒரு சட்டப்படி, பூங்காவில் நாயை எங்கே விடலாம், எங்கே கட்ட வேண்டும், எந்தத் தெருவில் குடிக்கக் கூடாது என்பதையெல்லாம் உள்ளூர் கவுன்சில் ஒரு உத்தரவாகப் போடலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். உத்தரவின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருஷம். தொடர வேண்டும் என்றால் காரணம் காட்டி மறுபடி நீட்டிக்க வேண்டும். வீடில்லாதவர்கள் மேல் இதைப் பாய்ச்சுகிறார்கள் என்று அங்கேயும் புகார் உண்டு, அது பரிசுத்தமான சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருஷம் என்பது அருமையான யோசனை. தமிழ்நாட்டில் பெயிண்ட் உரியும் வரை பலகைக்கு ஆயுள் உண்டு, காரணம் என்ன என்று யாரும் திரும்பக் கேட்பதே இல்லை.

சட்டமும் பலகையும் இல்லாமலே ஒரு விதி நிற்கும் என்பதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டாம், திருக்கோஷ்டியூரிலிருந்து கொள்ளுக்குடிப்பட்டி வரை போனால் போதும். திருப்பத்தூர் வட்டாரம்தான். 1977ல் அறிவித்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். அங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கண்மாய்க்கு வந்து தங்கியிருக்கிற பறவைகள் மிரண்டு போகும் என்பதால் பல பத்து வருஷமாக இப்படி. பக்கத்து ஊரில் வெடிச் சத்தம் கேட்கும்போது தன் பிள்ளையின் கையிலிருந்து சரவெடியை வாங்கி வைப்பது என்பது சின்ன விஷயமா? போலீஸ் நின்று அமல்படுத்தியது இல்லை இது. எதற்காக என்று ஊருக்குத் தெரியும், ஊரே கூடிப் போட்டது, அதனால் நிற்கிறது. (இதைச் சொன்னதும், அதெல்லாம் அந்தக் காலத்து ஜனங்க என்று பெருமூச்சு விடுகிறவர்கள் வருவார்கள். இல்லை ஐயா, இப்போதும் போடுவதில்லை.)

அப்படியானால் புதுப் பூங்காவுக்கு என்ன எழுதலாம்? காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, கயிற்றில் கட்டிய, தடுப்பூசிச் சான்று உள்ள நாய் வரலாம். விளையாட்டுத் திடலுக்குள் எந்த நேரத்திலும் கூடாது, அங்கே தனி வேலி. அசிங்கத்தை அள்ளாதவருக்கு அபராதம், இவ்வளவு ரூபாய் என்று எண்ணிலேயே எழுத வேண்டும். மது எந்த நேரத்திலும் கிடையாது, பாட்டில் கேட்டைத் தாண்டக் கூடாது. 100 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற பட்டியலில் பூங்காவையும் சேர்க்க வேண்டும். இது ஊராட்சியால் ஆகிற காரியம் இல்லை, சென்னையில் ஒரு விதித் திருத்தம் வேண்டும். 48,000 கோடி வருகிற இடத்திலிருந்து பூங்காவுக்கு ஒரு காவலாளி, முடிந்தால் ஒரு பெண் காவலாளியும் சேர்த்து, மாதச் சம்பளம் ஒதுக்குவது பிச்சை இல்லை. அந்தப் பாட்டிலை அள்ளுகிற கூலி அது. காவலாளிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற போன் நம்பரும், கூப்பிட்டால் வருவதற்கு ஒரு ஆளும் வேண்டும். தனியாக நிற்க வைத்துவிட்டு நீ பார்த்துக்கோ என்று சொன்னால் நுங்கம்பாக்கம்தான் மறுபடி நடக்கும்.

இதையெல்லாம் பலகை எழுதுகிற பெயிண்டரிடம் விட வேண்டியதில்லை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. டாஸ்மாக் கடை வேண்டாம் என்று 2017ல் எத்தனையோ ஊர்களில் தீர்மானம் போட்ட அதே கிராம சபைதான். பூங்காவுக்கு இடம் பார்க்கும்போதே, கல் நடுவதற்கு முன்னாலேயே, இந்த விதிகளை அங்கே படித்து, நாய் வைத்திருப்பவர், பிள்ளை வைத்திருப்பவர், சாயங்காலம் வர நினைக்கிற பெண்கள் எல்லோரையும் பேசவிட்டு, மூன்று வருஷத்துக்கு என்று தேதி போட்டுத் தீர்மானமாக எழுதலாம். மினிட்ஸ் நோட்டில் ஒரு பக்கம் போதும். காவலாளியின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்ற வரி அந்தப் பக்கத்தில் இல்லையென்றால், தலைவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்து அதைக் கேட்க வேண்டும்.